ஜி 10.8 வந்தால் எங்கே பார்ப்பது: பிசிக்ஸ் லேபில் பிழை பிடிக்கிற வழி

லேபில் விடை தப்பாக வந்தால் பிள்ளைகள் முதலில் தேடுவது ரப்பரைத்தான். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸ் பிராக்டிகலை இருபது வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், அந்த ரப்பர் அழித்துவிடுகிற எண்ணில்தான் என்ன நடந்தது என்ற துப்பு முழுக்க இருக்கிறது. எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது, கூடவா குறைவா, எல்லா ரீடிங்கிலும் அப்படியா இல்லை ஒன்றில் மட்டுமா, இவ்வளவையும் பார்த்தால் பாதி நேரம் கருவியைத் தொடாமலேயே காரணம் சொல்லிவிடலாம்.

கீழே இருப்பவை அப்படி நான் அடிக்கடி பார்த்த அறிகுறிகள். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அங்கே போங்கள். காரணம் தெரிகிறவரை எதையும் அழிக்காதீர்கள், அது போதும்.

தனி ஊசல்: நூல் எவ்வளவு நீளம் வைத்தாலும் ஜி 10.8 பக்கமே வருகிறது

ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், நம் ஊரில் 9.78 மீ/வி² வர வேண்டும். 100 செ.மீ. ஊசலுக்கு 20 அலைவு ஆக நம் ஊரில் 40.2 வினாடி பிடிக்கும். உங்கள் நோட்டில் 38.2 என்று இருக்கும், பாருங்கள். நூலில் கோளாறு இல்லை, கடிகாரத்திலும் இல்லை, எண்ணியதில்தான் கோளாறு. கடிகாரத்தை அமுக்கும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்திருப்பீர்கள், அந்த நொடியில் ஒரு அலைவுகூட முடிந்திருக்காது, ஆகவே "இருபது" என்று சொல்லி நிறுத்தும்போது நடந்திருப்பது 19 அலைவு மட்டும். அலைவுக்காலம் வர்க்கத்தில் வருவதால் 20-ஐ 19-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், 1.108 வரும். 9.78-ஐ அதால் பெருக்கினால் 10.84. உங்கள் தப்பு எண்ணின் முகவரி அதுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஓர் அலைவைக் கூடுதலாக விட்டவர்களுக்கு 8.87 வரும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று எண்ணுகிற ஆட்களும் உண்டு. அவர்களுக்கு ஜி நாலு மடங்காகி 39 வரும், அதையும் ரெக்கார்டில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

சரி செய்வது சுலபம். ஊசலை ஆடவிட்டு, மேசையில் சாக்பீஸால் போட்ட கோட்டைக் குண்டு தாண்டும்போது "மூன்று", அடுத்த முறை அதே திசையில் தாண்டும்போது "இரண்டு", "ஒன்று", அப்புறம் "பூச்சியம்". பூச்சியத்தில் கடிகாரத்தை அமுக்குங்கள். கோடு ஓரத்தில் வேண்டாம், நடுவில் இருக்கட்டும். ஓரத்தில் குண்டு நின்று யோசித்துத் திரும்பும், எப்போது திரும்பியது என்று உங்களுக்கே சந்தேகம் வரும், நடுவில்தான் அது சட்டென்று கடக்கும்.

தனி ஊசல்: நூலைக் குறைக்கக் குறைக்க ஜி-யும் குறைகிறது

100 செ.மீ.க்கு 9.63, 80-க்கு 9.60, 60-க்கு 9.54. இந்த மாதிரி ஒரு சரிவு தெரிந்தால் எண்ணிக்கையைச் சந்தேகப்பட வேண்டாம். எண்ணிக்கைப் பிழை எல்லா நீளத்தையும் ஒரே விகிதத்தில்தான் கெடுக்கும். சரிவு இருந்தால் நீளத்தில் ஒரு மாறாத அளவு விடுபட்டிருக்கிறது. பெரிய நீளத்தில் அந்த விடுபட்டது சின்ன பங்கு, சின்ன நீளத்தில் பெரிய பங்கு, அதனால்தான் சரிகிறது.

மேலே சொன்ன எண்களுக்கு 1.5 செ.மீ. விடுபட்டிருக்கிறது. நூலை மட்டும் அளந்துவிட்டுக் குண்டின் ஆரம் 1 செ.மீ., கொக்கி அரை செ.மீ. இரண்டையும் விட்டுவிட்டீர்கள். ஊசலின் நீளம் என்பது நூலைப் பிடித்திருக்கிற தக்கையின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை. எதிர்ப்பக்கமாக, நீளம் குறையும்போது ஜி ஏறினால் எதையோ கூட்டிச் சேர்த்திருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆரத்துக்குப் பதில் விட்டம்.

வரைபடம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இங்கேதான் பதில். நீளத்தையும் அலைவுக்காலத்தின் வர்க்கத்தையும் வைத்து வரைந்தால் நேர்கோடு வரும், ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் நீள அச்சை 1.5 செ.மீ. தள்ளி வெட்டும். கோட்டின் சாய்வு மட்டும் கெட்டிருக்காது, 24.8 பக்கம் வரும், அதை 4 பை வர்க்கத்தால் பெருக்கினால் 978 செ.மீ./வி² பக்கம் அழகாக வந்து நிற்கும். அதாவது கொக்கியை மறந்தவனுக்கும் வரைபடம் சரியான விடையைக் கொடுத்துவிட்டு, "நீ ஒன்றரை செ.மீ. மறந்தாய்" என்றும் காட்டிவிடுகிறது. ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி ஸ்கேலை அங்கே வைத்து வளைத்து இழுத்துவிடுகிறார்கள். கோடு புள்ளிகள் சொல்கிற இடத்துக்குப் போகட்டும்.

தனி ஊசல்: முதல் பத்து அலைவுக்கு ஆகிற நேரம் அடுத்த பத்தைவிடக் கூடுதல்

அகலமாக இழுத்து விட்டிருக்கிறீர்கள். நாம் போடுகிற சூத்திரம் சின்ன வீச்சுக்கு மட்டும்தான். 5 டிகிரியில் பிழை அலைவுக்காலத்தில் 0.05 விழுக்காடு, கண்டுகொள்ளவே வேண்டாம். 30 டிகிரியில் 1.7 விழுக்காடு ஆகிவிடும், ஜி 9.45-க்கு இறங்கிவிடும். ஆட ஆட வீச்சு குறைவதால் பிற்பகுதி வேகமாகும். மின்விசிறியையும் நிறுத்துங்கள், குண்டு வட்டமடிக்க ஆரம்பித்தால் மறுபடி விடுங்கள்.

ஐந்து ரீடிங்கில் ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது

40.1, 40.3, 40.2, 42.2, 40.1. இதில் நான்காவதை என்ன செய்வது? சராசரியில் சேர்த்தால் 40.58 வந்து ஜி 9.59-க்குப் போய்விடுகிறது. பேசாமல் அழித்து 40.2 என்று எழுதிவிடுவதும் தப்பு.

முதலில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். சரியாக 2 வினாடி. 100 செ.மீ. ஊசலின் அலைவுக்காலமும் 2 வினாடி. ஓர் அலைவைக் கூடுதலாக விட்டிருக்கிறீர்கள், வேறொன்றும் இல்லை. காரணம் தெரிந்துவிட்டதால் அந்த ரீடிங்கின் மேல் ஒற்றைக் கோடு போடுங்கள், கோட்டுக்கு அடியில் எண் படிக்கும்படி இருக்கட்டும், பக்கத்தில் "எண்ணிக்கைப் பிழை" என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு, புதிதாக ஒரு ரீடிங் எடுங்கள்.

ஆனால் அந்த நான்காவது ரீடிங் 40.9 என்று இருந்திருந்தால்? 0.7 வினாடிக்கு நமக்குச் சொல்லக் காரணம் இல்லை. பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. அது பட்டியலிலேயே இருக்கட்டும், கூட இரண்டு மூன்று ரீடிங் எடுத்து அதன் பலத்தைக் குறையுங்கள். மேலேயும் கீழேயும் சிதறுகிற ஒழுங்கற்ற பிழை நிறைய ரீடிங் எடுத்தால் அடங்கும். விடுபட்ட கொக்கி மாதிரி ஒரே பக்கமாக இழுக்கிற முறையான பிழை ஆயிரம் ரீடிங் எடுத்தாலும் அசையாது. இந்த வித்தியாசத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறவர்கள் லேபில் கண்ணெதிரே நடக்கும்போது கவனிப்பதே இல்லை.

கால்குலேட்டர் 9.783642 என்று காட்டுகிறது, எத்தனை இலக்கம் எழுதுவது?

உங்கள் கட்டைவிரலைக் கேளுங்கள். போன் ஸ்டாப்வாட்ச் 40.17 என்று காட்டும், ஆனால் கண் பார்த்து விரல் அமுக்குவதற்குள் ஏறக்குறைய 0.2 வினாடி போய்விடும். சந்தேகம் இருந்தால் நண்பனை ஒரு ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி, பூச்சியத்துக்கு நேராக விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, அவன் விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் உங்கள் தாமதம் 0.2 வினாடி. பெரும்பாலும் அதன் அக்கம்பக்கம்தான் வரும்.

40 வினாடியில் 0.2 என்றால் அரை விழுக்காடு. ஜி-யில் அது இரட்டித்து ஒரு விழுக்காடு, அதாவது 0.1. ஆக நீங்கள் நேர்மையாக எழுதக்கூடியது 9.8, கூட்டல் கழித்தல் 0.1. அதற்குப் பின்னால் வருகிற 3642 உங்கள் ஊசல் சொன்னதில்லை, கால்குலேட்டர் சொன்னது. ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்திருந்தால் 2 வினாடியில் 0.2, ஜி-யில் 20 விழுக்காடு. 20 அலைவு எண்ணச் சொல்வது உங்களை வதைக்க இல்லை என்று இப்போது புரியும். ஒரு தாளின் தடிமனை அளக்க 100 தாளைச் சேர்த்து அளந்து வகுக்கிறோமே, அதே தந்திரம்.

9.78 வருகிறது, புத்தகத்தில் 9.8 போட்டிருக்கிறது

விட்டுவிடுங்கள், அது சரி. தமிழ்நாட்டின் அட்சரேகையில் கடல்மட்டத்தில் ஜி 9.78 தான், பாரிஸில் 9.81. இந்த வித்தியாசத்தை முதலில் பிடித்ததே ஊசல்தான். 1672-ல் ழான் ரிச்சர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரத்தோடு போனபோது, அது அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது, ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் சரிக்கட்ட முடிந்தது. கடிகாரம் கப்பலில் கெட்டுவிட்டது என்று சொல்லி அவர் விட்டிருக்கலாம். விடாமல் குறித்து வைத்ததால்தான், நடுவில் புடைத்த பூமி என்று நியூட்டன் வாதாடியபோது அந்த இரண்டரை நிமிஷம் கைகொடுத்தது.

வெர்னியர்: பக்கத்து மேசைக்காரனுக்கும் எனக்கும் சரியாக 0.10 செ.மீ. வித்தியாசம்

0.02, 0.03 என்று வித்தியாசம் இருந்தால் அது கண்ணின் வேலை. சரியாக 0.10 என்றால் யாரோ ஒருவர் முதன்மைக்கோலில் ஒரு முழுப் பிரிவைத் தவறவிட்டிருக்கிறார். பெரும்பாலும் எதிர்ச் சுழிப்பிழையில்தான் நடக்கும், அதாவது தாடைகளை மூடினாலும் கருவி பூச்சியத்துக்குக் கீழே காட்டும்போது.

தாடைகளை மூடிப் பாருங்கள். வெர்னியரின் பூச்சியம் முதன்மைக்கோலின் பூச்சியத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது, 7-ஆவது கோடு ஒன்றிப்போகிறது என்று வையுங்கள். பிழை 7 இல்லை. பத்திலிருந்து திருப்பி எண்ண வேண்டும், பிழை கழித்தல் 3, அதாவது அளவோடு 0.03 கூட்ட வேண்டும். கோளத்தின் விட்டம் 1.94 என்று படித்திருந்தால் சரியான விடை 1.97. ஏழு என்று எடுத்துக் கழித்தவனுக்கு 1.87. இதோ உங்கள் 0.10.

திருகு அளவியில் இதே தப்பு இன்னும் வேடிக்கையாக வரும். தலைக்கோலில் 95 ஒன்றிப்போனால் பிழை கழித்தல் 5 பிரிவு. அதை 95 என்று எடுத்து 0.95 மி.மீ. கழிக்கிறவனுக்குக் கம்பியின் விட்டம் எதிர்க்குறியில் வரும். ஒரு வருஷம் ஒரு பையன் கழித்தல் 0.58 மி.மீ. என்று எழுதி அதற்கு வர்க்கமும் எடுத்து, கழித்தல் போய்விட்டதால் நிம்மதியாகக் குறுக்குப் பரப்பும் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினான். கணக்கில் ஒரு பிசகும் இல்லை!

அரை மி.மீ. தள்ளி வந்தால் வேறு கதை. சில திருகு அளவிகளில் தலையில் 50 பிரிவுதான், ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ. நகரும், புரிக்கோலில் கீழ்ப்பக்கத்து அரைக்கோடு வெளியே தெரிகிறதா என்று பார்க்காமல் எழுதினால் 0.50 காணாமல் போகும். கருவியைக் கையில் எடுத்ததும் தலைக்கோலில் எத்தனை பிரிவு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறது என்று நீங்களே பார்த்து மீச்சிற்றளவு (கருவி அளக்கக்கூடிய மிகச் சின்ன அளவு) கண்டுபிடியுங்கள், போன வாரம் எழுதினதை நம்பாதீர்கள். பின்பக்கத்து ராட்செட்டைத் திருகி "டிக் டிக்" சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். தலையைப் பிடித்து இறுக்கினால் மென்மையான கம்பி நசுங்கும், ஒவ்வொருவர் கைபலத்துக்கும் ஒரு விட்டம் வரும்.

சட்டத்தின் வளைவை வைத்து யங் குணகம் காண்பவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம். அதில் தடிமன் மூன்றாம் படியில் வருகிறது. 5 மி.மீ. தடிமனில் 0.05 மி.மீ. சுழிப்பிழையை மறந்தால் ஒரு விழுக்காடு, விடையில் மூன்று விழுக்காடு. நேரத்தை எதில் செலவழிப்பது என்று தெரியாவிட்டால் சூத்திரத்தில் எது பெரிய படியில் நிற்கிறதோ அதில் செலவழியுங்கள்.

ஒலியின் வேகம் 350 வருகிறது, நண்பனுக்கு அழகாக 332 வந்துவிட்டது

எனக்கு இந்த அறிகுறிதான் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் 350 வந்தவன் சரி, 332 வந்தவன்தான் தப்பு.

புத்தகத்தில் இருக்கிற 331 மீ/வி என்பது 0 டிகிரி செல்சியஸில். லேபில் 33 டிகிரி வெயில். டிகிரிக்கு 0.6 வீதம் கூட்டினால் 351. ஒத்ததிர்வுக் குழாயில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்தால் முதல் ஒத்ததிர்வு 16.2 செ.மீ.யிலும் இரண்டாவது 50.5 செ.மீ.யிலும் கேட்கும். இரண்டின் வித்தியாசம் 34.3, அதை இரட்டித்து 512-ஆல் பெருக்கினால் 351 மீட்டர். எல்லாம் பொருந்துகிறது.

நண்பன் என்ன செய்தான்? இரண்டாவது ஒத்ததிர்வைத் தேடச் சோம்பல்பட்டு, முதல் நீளம் 16.2-ஐ நாலால் பெருக்கி அலைநீளம் என்று எடுத்துக்கொண்டான். 332 வந்தது. குழாயின் வாயில் அதிர்வு விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போகும், 3 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்கு ஏறக்குறைய 0.9 செ.மீ. இந்த முனைத் திருத்தத்தை அவன் சேர்க்கவில்லை. அதனால் வேகம் குறைந்தது. வெப்பநிலையையும் அவன் பார்க்கவில்லை, அதனால் எந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு தப்பு விடையைக் கீழே தள்ள, இன்னொரு தப்பு அவனைத் தப்பான எண்ணோடு ஒப்பிட வைக்க, இரண்டும் கைகோத்து "சரியான விடை" ஆகிவிட்டது. இவன் எத்தனை முறை செய்தாலும் 332 தான் வரும், ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிற நுட்பத்தில் குறை சொல்ல முடியாது, உண்மை மதிப்புக்குக் கிட்டே வருகிற துல்லியம்தான் இல்லை. இதைவிட மோசம், இவன் நோட்டைப் பார்த்து 350 வந்தவன் தன் 50.5-ஐ 48.6 என்று திருத்திக்கொள்வான்.

சென்னை வெயிலில் ஒலி வேகமாகப் போகும் என்பது இருநூறு வருஷத்துக்கு முன்பே இதே ஊரில் அளந்து பார்த்த விஷயம். மதராஸ் வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடுகிற பீரங்கியின் ஒளியைப் பார்த்ததிலிருந்து சத்தம் கேட்கிறவரை எத்தனை வினாடி என்று மாதக்கணக்கில் எண்ணினார். ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறித்தார். 1823-ல் அந்த அட்டவணை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது, சூடான மாதங்களில் வேகம் கூடுவது அதில் தெரிகிறது. அவர் வெப்பமானியைப் பார்க்காமல் விட்டிருந்தால் அது வெறும் சிதறல் என்று போயிருக்கும். நீங்களும் லேபுக்குள் நுழைந்ததும் அறை வெப்பநிலையை எழுதிவிடுங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இசைக்கவையை மேசை விளிம்பில் அடிக்காதீர்கள், ரப்பர் சுத்தியால் அடியுங்கள். மேசையில் அடித்தால் கீச்சென்று ஒரு மேல்சுரமும் சேர்ந்து வந்து, வேண்டாத இடத்தில் குழாய் பாடும்.

மின்னழுத்தமானி: கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கமாகவே போகிறது

பன்னிரண்டாம் வகுப்பில் அதிகக் கண்ணீர் சிந்த வைப்பது இது. வழக்கமாக நடப்பது: பதற்றத்தில் வயரை மாற்றுவார்கள், கூடவே பேட்டரியை மாற்றுவார்கள், சாரிடம் வேறு கால்வனோமீட்டர் கேட்பார்கள், எல்லாம் ஒரே நேரத்தில். ஓடிவிட்டால் எது கோளாறு என்று தெரியாது, ஓடாவிட்டால் இப்போது புதிதாக எது கெட்டது என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுவதற்கு முன் முள்ளைப் பேசவிடுங்கள். ஜாக்கியைக் கம்பியின் தொடக்க முனையில் தொட்டு விலகலைப் பாருங்கள், அப்புறம் நடுவில், அப்புறம் கடைசி முனையில். போகப் போக விலகல் குறைகிறது, ஆனால் மறுபக்கம் தாண்டவில்லை என்றால் இணைப்பு சரி, பேட்டரியும் நீளக் கம்பியும் இருக்கிற முதன்மைச் சுற்றில் அழுத்தம் போதவில்லை: பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது ரியோஸ்டாட்டை அதிகத் தடையில் வைத்திருப்பீர்கள். போகப் போக விலகல் கூடுகிறது என்றால் நேர்முனைகள் ஒரே புள்ளியில் சேரவில்லை, மின்கலத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். எங்கே தொட்டாலும் ஒரே விலகல் என்றால் கம்பியில் மின்னோட்டமே இல்லை, முதன்மைச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, சாவியைப் போட மறந்ததும் இதில் சேர்த்தி. முள் அசையவே இல்லை என்றால் அறுந்தது மின்கலமும் கால்வனோமீட்டரும் இருக்கிற துணைச் சுற்று.

நான்கு அறிகுறி, நான்கு காரணம், ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அறுந்தது என்று தெரிந்தாலும் வயர் முழுசாகத்தான் இருக்கும், முனையில் பச்சை பிடித்திருக்கும் அல்லது திருகு தளர்ந்திருக்கும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து இறுக்குங்கள். இது பள்ளி லேபில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். 2011-ல் ஐரோப்பாவில் ஓபரா சோதனைக்குழு, நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வந்ததாக அறிவித்து உலகமே பேசியது. சில மாதத்தில் பார்த்தால் முக்கியக் காரணம் சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழைக் கேபிள்.

குளிர்தல் விதி: வளைகோட்டில் நடுவில் ஒரு மடிப்பு

யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், அல்லது கலக்குவதை நிறுத்தினீர்கள். மடிப்பு எத்தனையாவது நிமிஷத்தில் விழுந்தது என்று வரைபடத்தில் குறித்து, அந்த நேரத்தில் அறையில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். மழமழவென்று வரைந்து மறைக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக வருகிறது, எல்லோருக்கும் 9.8

இதை அறிகுறி என்று யாரும் சொல்வதில்லை, எனக்கு இதுதான் பயம். முப்பது பேர், முப்பது கட்டைவிரல், எல்லோருக்கும் 9.80 என்றால் அதில் பாதிப் பேர் விடையிலிருந்து ரீடிங்குக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரிய இடத்திலும் இது உண்டு. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை மில்லிகன் எண்ணெய்த் துளியில் அளந்தபோது, காற்றின் பாகியல் எண் கொஞ்சம் தப்பாக எடுத்ததால் விடை கொஞ்சம் குறைவாக வந்தது. அவருக்குப் பின் அளந்தவர்களின் விடைகள் ஒரே தாவலில் சரியான இடத்துக்குப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறின என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-ல் கால்டெக் மாணவர்களிடம் சொன்னார். மில்லிகனைவிட ரொம்பத் தள்ளி வந்தால் எங்கே தப்பு என்று தேடினார்கள், கிட்டத்தில் வந்தால் தேடவில்லை.

நானும் தேடாதவன்தான். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஊசலுக்கு என்று மரத்தில் ஒரு மீட்டர் ஸ்கேல் உண்டு, எல்லா பேட்ச்சுக்கும் அதுதான். ஒரு வருஷம் ஒரு பெண், 100 செ.மீ.க்கு 9.86, 60-க்கு 9.91 என்று எழுதிக்கொண்டு வந்தாள். நீளம் குறைய ஜி ஏறுகிறது, ஆரத்துக்குப் பதில் விட்டத்தைச் சேர்த்திருக்கிறாய், போய்த் திருத்து என்றேன். போய்விட்டு வந்து, "இல்லை சார், ஆரம்தான்" என்றாள். மறுபடி அனுப்பினேன். மறுபடி அதே எண். மூன்றாவது முறை எரிச்சலோடு நானே போய் அளந்தேன், எனக்கும் 9.86.

அப்புறம் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தால், பூச்சியம் இருக்க வேண்டிய முனை வருஷக்கணக்காகத் தரையில் ஊன்றி ஊன்றித் தேய்ந்து போயிருந்தது. இன்னொரு ஸ்கேலோடு சேர்த்து வைத்தோம், 8 மி.மீ. குறைவு. 8 மி.மீ. ஒரே நாளில் தேயாது. அதற்கு முந்தைய பேட்ச்களின் ரெக்கார்டு நோட்டுகள் அலமாரியில் கிடந்தன, எடுத்துப் பார்த்தேன், ஒன்றில்கூட 9.86 இல்லை. எல்லாவற்றிலும் 9.8, எல்லாவற்றின் கீழும் என் கையெழுத்து.

ஸ்கேலின் முனையிலிருந்து அளக்காதீர்கள். 10 செ.மீ. குறியை ஒரு நுனியில் வைத்து, மறுநுனியில் என்ன வருகிறதோ அதிலிருந்து பத்தைக் கழியுங்கள்.